பையருக்கு எழுதும் மெயிலில் பேச்சுவழக்கு ஆங்கிலம்: எங்கே எழுதலாம், எங்கே கூடாது?

நூல்கண்டு, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவளாக, இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். இலக்கணம் ஓரளவு தெரியும். தெரியாதது வேறு.

எங்களிடம் சரக்கு வாங்கும் இங்கிலாந்து பையர் ஒவ்வொரு மெயிலையும் 'சியர்ஸ்' என்று முடிக்கிறார். நடுவில் 'நோ வொரீஸ்', 'ஃபிங்கர்ஸ் கிராஸ்டு' எல்லாம் வரும். எங்கள் மேனேஜரோ 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' என்று முடிக்கச் சொல்கிறார். பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி, 'வீ ஆர் கான்னா ஷிப் நெக்ஸ்ட் வீக்' என்று எழுதி அனுப்புகிறான். பையர் நம்மிடம் சகஜமாக எழுதும்போது நாமும் அப்படியே எழுதலாமா? அல்லது அது மரியாதைக் குறைவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு வாத்தியார், கோவை

நல்ல கேள்வி அம்மணி. அந்தத் தம்பியின் 'கான்னா'விலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் இலக்கணமும் கலந்திருக்கிறது.

'கோயிங் டு' என்பதை வேகமாகச் சொன்னால் வாயில் வருவது 'கான்னா'. படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லோர் பேச்சிலும் அது உண்டு. எழுத்தில் அதற்கு இடம் குறைவு. கதையில் ஒரு பாத்திரம் பேசும்போது, பாட்டில், நண்பனுக்கு அனுப்பும் செய்தியில் வரும். அங்கேயும் விதி உண்டு. அடுத்து வினைச்சொல் வந்தால் மட்டுமே 'கான்னா'. 'ஐ ஆம் கான்னா கால் யூ' சரி. 'ஐ ஆம் கான்னா ஈரோடு' ஒருபோதும் வராது. ஈரோட்டுக்குப் போகிறேன் என்னும்போது அது நிஜமாகவே போவது. இனிமேல் செய்யப்போகிறேன் என்று எதிர்காலத்தைக் காட்டும் 'கோயிங் டு' மட்டும்தான் சுருங்கும். நடுவில் இருக்கும் 'ஆம்', 'ஆர்' ஆகியவற்றையும் விழுங்கிவிட்டு 'வீ கான்னா' என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பாட்டில் கேட்டது. எழுத்தில் அரைகுறையாகத்தான் நிற்கும்.

'வாண்ட் டு' சுருங்கி வரும் 'வான்னா'வும் அப்படித்தான். 'ஐ', 'யூ', 'வீ', 'தே' பின்னால் வரும். 'ஹீ வான்னா' என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் அங்கே இருக்க வேண்டியது 'வாண்ட்ஸ் டு'. இன்னொன்று 'குட் ஆஃப்'. செய்திருக்கலாம் என்ற பொருளில் வரும் 'குட் ஹேவ்' என்பது பேச்சில் தேய்ந்து காதில் அப்படி விழுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இந்தப் பிழையை நிறையச் செய்கிறார்கள். அவர்கள் எழுதுகிறார்களே என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேசியதைக் கேட்டு எழுதினால் வரும் பிழை அது, யார் எழுதினாலும் பிழைதான். 'சப்போஸ்டு டு', 'யூஸ்டு டு' என்பவற்றில் 'டு'வுக்கு முன்னால் இருக்கும் 'ட்' காதில் விழாது. எழுதும்போது போட வேண்டும்.

ஆனால் 'டோண்ட்', 'கான்ட்', 'இட்ஸ்' போன்ற சுருக்கங்களை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். வியாபார மெயிலில் அவை தாராளமாக வரலாம். அவற்றைத் தவிர்த்து ஒவ்வொன்றையும் முழுசாக நீட்டி எழுதினால் கோபமாக இருக்கிறீர்களோ என்று எதிராளிக்குத் தோன்றும். 'இட்ஸ்' எழுதும்போது அப்பாஸ்ட்ரஃபி போட்டால் 'அது இருக்கிறது' என்று பொருள், போடாவிட்டால் 'அதனுடைய' என்று பொருள். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில் 'ஏனுங்க சாமி' என்று எழுத மாட்டோம். நேரில் பேசும்போது அதைவிடப் பெரிய மரியாதை நம்மூரில் இல்லை. ஆங்கிலத்திலும் இடம் பார்த்துத்தான் சொல்.

தறிச்சத்தம், கரூர்

வாத்தியார் சொன்னது இலக்கணம். நான் வியாபாரம் சொல்கிறேன். கரூரில் டேபிள் லினன், கிச்சன் டவல், ஏப்ரன் என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் ரொம்ப காலமாக மெயில் எழுதுகிறேன்.

தங்கச்சி, ஒரு மெயிலில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று மனுஷருக்கு மனுஷர் பேசுவது. இன்னொன்று கணக்கு. முதல் வேலையில் பேச்சுவழக்கு தாராளமாக வரலாம். 'ஹோப் யூ ஹேட் எ குட் வீக்கெண்ட்', 'நோ வொரீஸ்', 'தேங்க்ஸ் எ லாட்' எல்லாம் சரி. தேதி, அளவு, பணம், யார் பொறுப்பு என்று வந்துவிட்டால் பேச்சுவழக்கு ஒரு சொல்கூட வேண்டாம். தம்பியின் 'கான்னா' எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. 'நெக்ஸ்ட் வீக்' என்றானே, அதுதான் குற்றம். எந்த வாரம், என்ன தேதி, ஃபேக்டரியை விட்டுக் கிளம்புவதா, தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதா? 'ஷிப்' என்று சொன்னால் பையர் கப்பல் தேதி என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் லாரி தேதியை நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

'ஏஎஸ்ஏபி' எல்லோரும் போடுகிறார்கள். சீக்கிரம் என்கிறது, எப்போது என்று சொல்வதில்லை. மேலிருந்து கீழே விரட்டுகிற தொனியும் அதில் இருக்கிறது. பையரிடம் லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி) கமெண்ட் கேட்கும்போது 'ஏஎஸ்ஏபி' என்று எழுதினால் பலருக்குப் பிடிக்காது. அதற்குப் பதில், '14ஆம் தேதி புதன்கிழமைக்குள் கமெண்ட் வந்தால் சாயத்துக்குப் போட்டு டெலிவரி தேதியைக் காப்பாற்றலாம்' என்று எழுதுங்கள். தேதியும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, அவசரம் தானாகப் புரிந்துவிடும்.

'ஈஓடி' என்றால் நாள் முடிவதற்குள். யாருடைய நாள்? நியூயார்க் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அவர்களுடைய கோடைகாலத்தில் ஒன்பதரை. நாம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அவர்கள் காலை காபியோடு உட்காருகிறார்கள். 'கப்பிள் ஆஃப் டேஸ்' என்பதும் ஆபத்து. இரண்டு நாள் என்று கணக்கு வைப்பவர்களும் உண்டு, சில நாள் என்று நினைப்பவர்களும் உண்டு.

கோபியிலிருந்து லீட்ஸ்

கோபிச்செட்டிபாளையம்காரன், இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறேன். இங்கே கேட்பதை வைத்துச் சொல்கிறேன்.

'சியர்ஸ்' என்றால் இங்கே நன்றி, போய் வருகிறேன் இரண்டும்தான். கிளாசை உயர்த்தும்போது சொல்வது தனி. அவர் அப்படி எழுதினால் உங்களோடு இணக்கமாக இருக்கிறார் என்று பொருள். நீங்களும் 'சியர்ஸ்' என்றே முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 'தேங்க்ஸ்' போதும், அதைவிடச் சம்பிரதாயமாக வேண்டுமென்றால் 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்'. முதல் மெயிலிலேயே நாம் ஆரம்பித்து வைக்காமல், அவர் எவ்வளவு தூரம் இறங்கி வருகிறாரோ அதற்கு ஒரு படி மேலேயே நின்றுகொண்டால் தப்பே வராது.

'நோ வொரீஸ்' ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவிய சொல். பரவாயில்லை என்று பொருள். அவர் மன்னிப்புக் கேட்டால் நீங்கள் சொல்லலாம். உங்கள் பக்கம் தவறு நடந்திருக்கும்போது நீங்களே 'நோ வொரீஸ்' என்றால் திமிராகத் தெரியும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. பிரிட்டிஷ்காரர்கள் எளிமையான சொல்லை வைத்துக்கொண்டு நேர் எதிராகச் சொல்வார்கள். 'நாட் பேட்' என்றால் நன்றாக இருக்கிறது. 'குவைட் குட்' என்றால் பெரும்பாலும் சுமார்தான். அதே 'குவைட் குட்' அமெரிக்கர் வாயில் வந்தால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பொருள். உங்கள் சாம்பிளைப் பார்த்து லண்டன் பையர் 'குவைட் குட்' என்று எழுதினால் சந்தோஷப்படாமல், எதை மாற்றலாம் என்று கேளுங்கள். 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால் நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறார். 'ஐ வில் பேர் இட் இன் மைண்ட்' என்பதை ஒப்புதலாக எண்ணி நூல் வாங்கிவிடாதீர்கள்.

மீட்டிங் நேரத்துக்கும் ஒன்று சொல்கிறேன். இங்கே 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. ஜெர்மன் மொழியில் அதே மாதிரி சொன்னால் ஆறரை. திருப்பூர் சரக்கு இரண்டு நாட்டுக்கும் போகிறது. வீடியோ கால் என்றால் 7.30 என்று எண்ணில் போட்டு, யாருடைய நேரம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

மஞ்சள்மண்டி, ஈரோடு

எல்லாம் சரிங்க. ஆனால் ஏன் எப்போதும் நாமே வளைய வேண்டும்? 'டு த நீட்ஃபுல்' வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன சொல்தானே. தேதியை முன்னால் கொண்டுவருவதைச் சொல்லும் 'பிரிபோன்' நாம் பரப்பியது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. அமெரிக்கன் எழுதினால் அது ஸ்டைல், நாம் எழுதினால் தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தியாவில் இத்தனை கோடிப் பேர் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். நம்முடைய ஆங்கிலமும் ஆங்கிலம்தான்.

பீளமேடு வாத்தியார், கோவை

மஞ்சள்மண்டி அண்ணன் சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் 'ஓகே'யே விளையாட்டாகப் பிறந்ததுதான். 1839 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதன் முதல் எழுத்துகளைச் சுருக்கமாகப் போடுவது அப்போது அங்கே ஒரு நாகரிகம். அடுத்த வருஷம் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆட்கள் அவருடைய ஊர்ப்பெயரை வைத்த 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயரின் முதல் எழுத்துகளாகவும் காட்டி அதையே கோஷமாக்கினார்கள். அவர் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது. 'ஓஎம்ஜி' இப்போதைய பிள்ளைகள் கண்டுபிடித்தது என்று நினைக்கிறோம். 1917இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர், சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. ஆக, எந்தச் சொல்லும் பிறப்பால் தாழ்ந்தது இல்லை. 'பிரிபோன்' அருமையான சொல். முதல்முறை பார்க்கிறவருக்கும் 'போஸ்ட்போன்' தெரிந்தால் புரிந்துவிடும்.

ஆனால் 'டு த நீட்ஃபுல்' மேல் எனக்கு இருக்கும் குறை அது இந்தியச் சொல் என்பதல்ல. பிரிட்டனில் வழக்கொழிந்தது என்பதும் அல்ல. 'ஆவன செய்யவும்' என்று சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுகிறதே, அதுதான். பேமெண்ட் அனுப்ப வேண்டுமா, ஆர்ட்வொர்க் கன்ஃபர்ம் செய்ய வேண்டுமா, எல்சியில் (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) திருத்தம் போட வேண்டுமா? அதை எழுதிவிட்டால் 'நீட்ஃபுல்' தேவையே இல்லை. 'கைண்ட்லி' கூட இங்கே பணிவு. அமெரிக்காவில் மோசடி மெயில்களில் அடிக்கடி வருவதால் சிலருக்கு அதைப் பார்த்ததும் உறுத்தும். 'ப்ளீஸ்' போதும்.

நம்மிடையே நம் ஆங்கிலம், வெளியே போகும்போது இரண்டு பக்கமும் புரிகிற ஆங்கிலம். இதை வளைவது என்று நான் எண்ணவில்லை. லட்சம் கணக்கு இன்னொரு உதாரணம். '1.5 லேக் பீசஸ்' என்று எழுதினால் அமெரிக்கருக்கு ஒன்றும் விளங்காது. 1,50,000 என்று நம் முறையில் கமா போட்டாலும் தடுமாறுவார். 150,000 என்று எழுத வேண்டும்.

கோடிங் கிணறு, சரவணம்பட்டி

ஐடி பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்களுக்கு மெயிலைவிடச் சாட்தான் அதிகம். அங்கே பேச்சுவழக்கு இயல்பு. 'ஹெட்ஸ் அப்' என்று முன்கூட்டி எச்சரிப்பது, 'பிங் மீ' என்பது எல்லாம் தினமும் வரும். ஆனால் இந்தச் சொற்களைப் பார்த்து எழுதுங்கள்:

'ப்ளீஸ் ரிவர்ட்'. பதில் போடுங்கள் என்ற அர்த்தத்தில் நாம் எழுதுகிறோம். வெளிநாட்டு ஆள் பழைய நிலைக்குத் திருப்பு என்று படிப்பார். எங்கள் வேலையில் அது செய்த மாற்றத்தையே நீக்கிவிடு என்ற கட்டளை. 'ரிப்ளை' போதும்.

'ஐ ஹேவ் எ டவுட்'. நமக்குக் கேள்வி. அவர்களுக்கு அவநம்பிக்கை, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பது போல. 'எ கொஸ்டின்' என்று எழுதுங்கள். பயோடேட்டாவில் 'பாஸ்டு அவுட் ஃப்ரம் காலேஜ்' என்று போட்டால் மயக்கம் போட்டு விழுந்தது என்று படிப்பவர்கள் உண்டு. 'கிராஜுவேட்டட்' என்று போடுங்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் 'பேக்சைடு' என்று ஆபீஸ் முகவரி எழுதுவதையும் விட்டுவிடுங்கள், அங்கே அது உடம்பின் பின்பக்கம். 'பிஹைண்ட்' சரியான சொல்.

'ஹாய் டியர்' என்று கிளையண்ட் பெண்ணுக்கு எழுதுவதை நான் நேரிலேயே தடுத்திருக்கிறேன். 'டியர்' பின்னால் பெயர் வந்தால் கடித மரபு. பெயர் இல்லாமல் தனியாக நின்றால் காதலர்கள் கூப்பிடுவது. எழுதும் ஆளுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது, வாங்கும் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

தேங்காய்நார், பொள்ளாச்சி

நீங்கள் எல்லோரும் இங்கிலாந்து, அமெரிக்கா என்றே பேசுகிறீர்கள். நாங்கள் காயர் பித் (தேங்காய் நார்க்கழிவு) அனுப்புவது நெதர்லாந்து, ஸ்பெயின், கொரியாவுக்கு. ஆங்கிலம் அவர்களுக்கும் நம்மைப் போல இரண்டாவது மொழி. நிறையப் பேர் நம் மெயிலை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுத்தான் படிக்கிறார்கள்.

அங்கே 'பால்பார்க் ஃபிகர்' என்று விலை சொன்னால் ஆப் என்ன செய்யும்? அது அமெரிக்க பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்த சொல், உத்தேசக் கணக்கு என்று பொருள். 'ரெயின் செக்' என்பதும் பேஸ்பாலில் மழையால் ஆட்டம் நின்றால் கொடுத்த சீட்டிலிருந்து வந்தது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பொருள். எங்கள் தொழிலில் களத்தில் காயும் பித் மழை வந்தால் நனைந்து, நிஜமாகவே தேதி தள்ளிப்போகும். அந்த நேரத்தில் 'ரெயின் செக்' என்று எழுதினால் பையர் ஈரப்பதம் சோதிக்கிறார்களோ என்று நினைக்கலாம். கிரிக்கெட் சொல்லும் அதே கதிதான். இக்கட்டான நிலையை 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் ஸ்பெயின்காரருக்கு என்ன தெரியும்?

எனவே நான் 5 கிலோ பிளாக்கின் விலை, கழுவிய பின் ஈசி (உப்பைக் காட்டும் மின்கடத்தல்) அளவு, ஈரப்பதம், ஒரு கண்டெய்னரில் எத்தனை டன் ஏறும், இவ்வளவையும் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். படிக்கிறவர் யார் என்று தெரியாவிட்டால் மரபுத்தொடரைத் தொடவே வேண்டாம்.

நூல்கண்டு, திருப்பூர்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். எழுதுவதில் இல்லை, படிப்பதில். லேப் டிப் அனுப்பினோம். பையர் வாட்ஸ்அப்பில் 'லுக்ஸ் ஓகே' என்று போட்டு ஒரு கட்டைவிரலும் போட்டிருக்கிறார். டையிங்கில் பல்க் (ஆர்டர் துணி முழுவதற்கும் சாயம்) போட அவசரப்படுகிறார்கள். இதை அப்ரூவல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தறிச்சத்தம், கரூர்

எடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

'லுக்ஸ் ஓகே' என்பதில் 'லுக்ஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். பார்வைக்குச் சரி என்கிறார். போனில் படம் பார்த்துச் சொன்னாரா, நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துச் சொன்னாரா? எந்த லைட்டில் பார்த்தார்? நீங்கள் ஏ, பி, சி என்று மூன்று ஷேட் அனுப்பியிருப்பீர்கள், எதைச் சொல்கிறார்? டையிங்காரர் ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார். சரக்கு தைத்துப் பெட்டிக்குள் போன பிறகு, அந்தக் கம்பெனியின் குவாலிட்டி ஆள் வேறு ஒருவர் வந்து ஷேட் சரியில்லை என்பார். அன்றைக்கு 'லுக்ஸ் ஓகே' என்ற மெசேஜைக் காட்டினால், நான் பார்த்தேன் என்றுதானே சொன்னேன் என்பார். அப்புறம் பேச்சு டிஸ்கவுண்டில் போய் நிற்கும்.

கட்டைவிரலை வைத்துக் கனடாவில் வழக்கே நடந்திருக்கிறது. சஸ்காட்சுவான் மாகாணத்தில் தானியம் வாங்கும் கம்பெனி ஒன்று 2021இல் ஒரு விவசாயியிடம் 87 டன் ஆளி விதை கேட்டு, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் படம் எடுத்துப் போனில் அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னது. அவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டார். பிறகு விலை ஏறிவிட்டது, விதை வரவில்லை. படம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் கட்டைவிரல் போட்டேன் என்றார் விவசாயி. 2023இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதற்கு முன்னால் இதே கம்பெனி அனுப்பிய ஒப்பந்தங்களுக்கு அவர் 'ஓகே', 'யப்' என்றெல்லாம் சுருக்கமாகப் பதில் போட்டு, சரக்கும் கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை வைத்து இதுவும் சம்மதம்தான் என்று தீர்ப்பு வந்தது. 82,000 கனடா டாலருக்கு மேல் அவர் கட்ட வேண்டி வந்தது.

இதைக் கேட்டு, கட்டைவிரல் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பழைய பழக்கம் இருந்தது, விஷயம் கோர்ட்டுக்கும் போனது. நாம் பையர் மேல் கோர்ட்டுக்குப் போகிற நிலையிலா இருக்கிறோம்? அடுத்த ஆர்டர் வேண்டும். இதில் இன்னொரு பாடம் நம் பக்கத்துக்கும் இருக்கிறது. பையர் திருத்திய விலையோ புதிய டெலிவரி தேதியோ அனுப்பும்போது, பார்த்துவிட்டேன் என்று காட்ட நாம் கட்டைவிரல் போட்டுவிடுகிறோம். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் என்ன சொல்வீர்கள்? பார்த்தேன் என்றால் 'ரிசீவ்டு, வில் கன்ஃபர்ம் பை டுமாரோ' என்று ஒரு வரி எழுதுங்கள். தேதியையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இப்போது உங்கள் லேப் டிப்புக்கு, உடனே ஒரு மெயில் போடுங்கள். ஸ்டைல் நம்பர், கலர் பெயர், 'உங்கள் வாட்ஸ்அப் செய்தியின்படி ஆப்ஷன் பி அப்ரூவ் ஆனதாக எடுத்துக்கொண்டு 14ஆம் தேதி பல்க் டையிங் ஆரம்பிக்கிறோம், மாற்றம் இருந்தால் அதற்கு முன் சொல்லவும்' என்று. 'அப்ரூவ்டு' என்ற சொல் மெயிலில் எழுத்தாக வரும்வரை டையிங்காரரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கோபியிலிருந்து லீட்ஸ்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதுவும் திருப்பூருக்கே உரியது. உடுப்பின் பெயர்களிலேயே பேச்சுவழக்கு ஊருக்கு ஊர் மாறும்.

'பேண்ட்ஸ்' என்றால் அமெரிக்காவில் முழுக்கால் சட்டை, பிரிட்டனில் ஜட்டி. இங்கே எதையாவது 'பேண்ட்ஸ்' என்று சொன்னால் மட்டம் என்ற பொருளும் உண்டு. 'வெஸ்ட்' இன்னும் சிக்கல். பிரிட்டனிலும் நம்மிடமும் அது பனியன். அமெரிக்காவில் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத வெயிஸ்ட்கோட். 'ஜம்பர்' இங்கே ஸ்வெட்டர், அமெரிக்காவில் பள்ளிப் பெண்கள் சட்டைமேல் போடும் கையில்லாத கவுன். 'சஸ்பெண்டர்ஸ்' அங்கே பேண்ட்டைத் தோளோடு பிடிக்கும் பட்டை, இங்கே பெண்களின் நீளக் காலுறையைப் பிடிக்கும் கிளிப்.

எந்தச் சொல் யாருக்கு என்று தடுமாறினால் சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ் கோடைப் போட்டுவிடுங்கள். 6109 என்றால் பின்னலாடை டி-ஷர்ட், சிங்லெட், பனியன் வகை. 6110 என்றால் பின்னலாடை ஜெர்சி, புல்லோவர், கார்டிகன், வெயிஸ்ட்கோட். ஸ்கெட்சும் சேர்த்து அனுப்புங்கள்.

மஞ்சள்மண்டி, ஈரோடு

வாத்தியார் சொன்ன லட்சம் கணக்கு எனக்கு உறைத்தது. 'பிரிபோன்' மட்டும் விட மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வியாபாரத்தில் இவ்வளவு ஜாக்கிரதை சரி. துக்கம், வாழ்த்து என்றால்? பையர் வீட்டில் யாராவது தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டால் என்ன எழுதுவது? 'ஆர்ஐபி' என்று போட்டுவிடுகிறார்கள் நம் பசங்க.

பீளமேடு வாத்தியார், கோவை

அங்கே சுருக்கெழுத்தே வேண்டாம் அண்ணா. 'எல்ஓஎல்' என்பதை நிறைய அன்பு என்று நினைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கேமரன் தம் செய்திகளைச் சில சமயம் அப்படி முடித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்பதுதான் அதன் பொருள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். 2012இல் அங்கே நடந்த ஊடக விசாரணையில் இது வெளியே வந்தது. அந்த நாட்டுப் பிரதமருக்கே அப்படி. துக்க வீட்டுக்கு அது போனால் என்ன ஆகும்?

'ஐ ஆம் ஸாரி ஃபார் யுவர் லாஸ்' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். இறந்தவர் யாரென்று தெரிந்தால் உறவைச் சொல்லி எழுதுங்கள். ஆர்டர் பற்றி அந்த மெயிலில் ஒரு வார்த்தை வேண்டாம்.

நூல்கண்டு, திருப்பூர்

மெயில் போட்டேன். ஆப்ஷன் பி அல்ல, சி என்று பையர் பதில் எழுதியிருக்கிறார். 'அப்ரூவ்டு' என்றும் போட்டிருக்கிறார். டையிங்குக்குச் சொல்லியாயிற்று.

கடைசியாக ஒன்று. நூல் வந்து சேரத் தாமதமானதால் இன்னொரு ஸ்டைல் ஒரு வாரம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. தம்பி 'மை பேட்' என்று எழுதலாம் என்கிறான். மேனேஜர் 'இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்கிறார்.

தறிச்சத்தம், கரூர்

இரண்டும் வேண்டாம். 'மை பேட்' என்பது பந்தைத் தவறவிட்டவன் கூட ஆடுகிறவனிடம் சொல்வது, பையருக்கு அங்கே கடையில் ஸ்டாக் இல்லாமல் போகிற விஷயத்துக்கு அது ரொம்ப லேசு. மேனேஜர் சொல்வது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, அதில் யார் வருத்தப்படுகிறார்கள் என்றே இல்லை.

'வீ ஆர் ஸாரி' என்று ஆரம்பியுங்கள், 'வீ' இருக்க வேண்டும். அடுத்த வரியில் காரணம், நூல் எந்தத் தேதி வந்திருக்க வேண்டும், எந்தத் தேதி வந்தது. அதற்கடுத்து சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் புதிய எக்ஸ்-ஃபேக்டரி தேதி, கப்பல் தேதி. பாதிச் சரக்கை முதலில் அனுப்ப முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்தால் எத்தனை பீஸ் என்று எண்ணைப் போடுங்கள். ஏர் ஷிப்மெண்ட் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், அவர் கேட்டால் செலவு யாருடையது என்று மேனேஜர் பேசட்டும். இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவர் தேதி கேட்டு மெயில் போடுவதற்கு முன்னால் உங்கள் மெயில் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.